அது என்ன ஷூமர் வீட்டுச் சுரங்கமா?

நியூயார்க்கின் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஷூமர் பாடுபட்டு வாங்கிய ஹட்சன் ஆற்று ரயில் சுரங்கத் திட்டம் 'டெர்மினேட்டட்', அதாவது ரத்து, என்று டிரம்ப் தன் வாயால் சொன்ன அந்த வீடியோவை எத்தனை பேர்தான் எனக்கு அனுப்புவீர்கள்? பார்த்துவிட்டேன். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஓர் அண்ணன் "ஷூமருக்கு நல்லா வேணும்" என்று போட்டு, கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை மூன்று. அவரும் நியூ ஜெர்சி எடிசனில் என்னோடு ரயில் ஏறி மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போகிறவர்தான்.

அண்ணே, அந்தச் சுரங்கத்தில் தினமும் போய் வருவது ஷூமர் இல்லை. நீங்களும் நானும்.

ஹட்சன் ஆற்றுக்கு அடியில் ஓடும் அந்தச் சுரங்கம் திறந்தது 1910-ல். இரண்டே குழாய், குழாய்க்கு ஒரு தண்டவாளம். நியூ ஜெர்சியிலிருந்து மன்ஹாட்டனின் பென் ஸ்டேஷனுக்குள் ரயில் நுழைய வேறு வழி கிடையாது. 2012-ல் சாண்டி புயலின்போது உள்ளே கடல்நீர் புகுந்தது. தண்ணீரை இறைத்துவிட்டார்கள், உப்பை இறைக்க முடியவில்லை. அன்றிலிருந்து அது கான்கிரீட்டையும் கேபிள்களையும் தின்றுகொண்டிருக்கிறது. ஒரு குழாயை மூடிப் பழுது பார்க்கலாமே என்றால், போகிற ரயிலும் வருகிற ரயிலும் மிச்சமிருக்கும் ஒற்றைத் தடத்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். மணிக்கு 24 ரயில் விடும் இடத்தில் 6 விடலாம். அதனால்தான் முதலில் பக்கத்திலேயே புதுச் சுரங்கம், அப்புறம் பழையதை மூடிச் சரிசெய்வது என்று 1,600 கோடி டாலர் திட்டம். நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் பயணம் அதன் வழியாக நடக்கிறது. அந்த இரண்டு லட்சத்தில் எத்தனை பேர் எந்தக் கட்சி என்று உப்புக்குத் தெரியுமா?

2025 அக்டோபர் 1-ம் தேதி, பட்ஜெட் இழுபறியில் அரசு முடங்கிய முதல் நாளே, நியூயார்க்கின் 1,800 கோடி டாலர் திட்டங்களை நிறுத்தி வைத்தார்கள். இந்தச் சுரங்கமும் செகண்ட் அவென்யூ சப்வேயும் அதில் அடக்கம். அன்றைக்குச் சொன்ன காரணம், ஒப்பந்தங்களில் பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் சலுகை காட்டுகிறார்களா என்று பார்க்க வேண்டுமாம். சரி, பாருங்கள் என்று நானும் சும்மா இருந்தேன். இரண்டு வாரம் கழித்து, 15-ம் தேதி, டிரம்ப்பே வாய் திறந்து, ஷூமர் இருபது வருடம் அலைந்து வாங்கிய திட்டம், முடிந்தது கதை, போய்ச் சொல்லுங்கள் என்கிறார். பரிசீலனையாவது மண்ணாவது. ஷூமர் மேல் இருக்கும் கோபத்தை என் ரயில் மேல் காட்டுகிறார், அவ்வளவுதான்.

அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது? வெள்ளை மாளிகையில் அர்ஜென்டினா அதிபர் மிலேக்கு விருந்து. அந்த நாட்டுக்கு 2,000 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற (ஸ்வாப்) ஏற்பாடு. அதுவும் அங்கே 26-ம் தேதி நடந்த தேர்தலில் மிலே தரப்பு தோற்றால் இந்தத் தாராளம் இருக்காது என்ற மிரட்டலோடு. 'அமெரிக்காவுக்கே முதலிடம்' என்று தொப்பி போட்டுக்கொண்டவர்களே, கணக்கு உதைக்கவில்லையா? சொந்த வீட்டுக் கூரை ஒழுகுகிறது, இவர் அடுத்த ஊர்க் கல்யாணத்தில் மொய் எழுதிக்கொண்டிருக்கிறார்.

உடனே பொருளாதாரம் படித்த தம்பி வருவான்: "அது மானியம் இல்லண்ணா, ஸ்வாப். திரும்பி வரும். ரெண்டும் வேற வேற பெட்டி." தெரியும்டா. மொய்யும் திரும்பி வரும் என்றுதான் எழுதுகிறோம். ஒரு தேர்தலில் வேண்டியவரை ஜெயிக்க வைக்கப் பெட்டியைத் திறக்கத் தெரிந்த அரசுக்கு, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஏற்கெனவே ஒதுக்கி, ஒப்பந்தம் போட்டு, தோண்டவும் ஆரம்பித்துவிட்ட வேலைக்கு மட்டும் பெட்டி திறக்காதா என்பதுதான் என் கேள்வி. அதற்குப் பதில் சொல், ஸ்வாப்புக்கு அப்புறம் விளக்கம் சொல்லலாம்.

2024 கோடையில் ஒரு சாயங்காலம். பென் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிச் சுரங்கத்துக்குள் கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றது. ஏசியின் சத்தம் அடங்கியது. விளக்கு போய், கதவுக்கு மேலே இருக்கும் சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. மேல்கம்பியில் மின்சாரம் இல்லை என்று கண்டக்டர் ஒவ்வொரு பெட்டியாக நடந்து சொல்லிக்கொண்டு போனார். போனில் சிக்னல் இல்லை. என் எதிரே நர்ஸ் உடையில் ஒரு பெண், அட்டையால் விசிறிக்கொண்டே ஓயாமல் ஒரே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் டேகேர் பிரச்சினைதான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என் மகள் டேகேரில் ஆறரைக்கு மேல் தாமதித்தால் நிமிடத்துக்கு ஒரு டாலர். பணம் போகட்டும். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லா நாற்காலிகளையும் மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு நாற்காலியில் ஷூ மாட்டி, பையையும் முதுகில் மாட்டிக்கொண்டு அவள். "டாடி, யூ ஃபர்காட்?" என்றாள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? மிலேயிடமா?

"பைடன் காலத்தில் வாயை மூடிக்கொண்டுதானே இருந்தாய்?" இல்லை. பழைய பதிவுகளைப் புரட்டிப் பாருங்கள். 2022 டிசம்பரில் சரக்கு ரயில் தொழிலாளர்கள் நோய்க்கால விடுப்பு கேட்டு வேலைநிறுத்தத்துக்குத் தயாரானபோது, சட்டம் போட்டுத் தடுத்தது அவர்தான். 2023 பிப்ரவரியில் ஒஹையோவின் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற ஊரில் சரக்கு ரயில் தடம் புரண்டு, வினைல் குளோரைடு என்ற நச்சு ரசாயனத்தை எரித்து ஊரே கரும்புகையானபோது அவர் உக்ரைனின் கீவுக்குப் போனார். அந்த ஊருக்குப் போக ஒரு வருடம் ஆனது. இதையெல்லாம் அப்போதே எழுதினேன், அப்போது இன்னொரு கூட்டம் என்னை 'டிரம்ப் ஆள்' என்றது. சுரங்கத்துக்கு வருவோம். 2009-லேயே வேலை தொடங்கிய ஒரு திட்டத்தை, செலவு கூடும் என்று 2010-ல் நிறுத்தியவர் அன்றைய நியூ ஜெர்சி கவர்னர் கிறிஸ்டி. நிறுத்தாமல் இருந்திருந்தால் இந்நேரம் நாம் அதில் போய்க்கொண்டிருப்போம். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவருக்கு யார் மேலோ கோபம், சுரங்கத்துக்குத்தான் தண்டனை.

"உங்க ஊர் ரயில் லட்சணம் தெரியாதா?" என்று ஒருத்தர். தெரியும், கோரமண்டல் விபத்தில் செத்தவர்களுக்காகவும் அழுதவன்தான். அதனால் இங்கே கேட்கக் கூடாதா? இங்கே வரி கட்டுகிறேன்.

"பிடிக்கலைன்னா ஊருக்குப் போ." இதைச் சொன்னது வெள்ளைக்காரன் இல்லை, நம்ம ஆள். கிரீன் கார்டு வந்துவிட்டால் வாய் இப்படி ஆகிவிடுமா? 2025 செப்டம்பரில் எச்1பி வேலை விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்த அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. புது விண்ணப்பங்களுக்கு மட்டும்தான் என்று மறுநாள் விளக்கம் வந்தது. இருந்தாலும் தீபாவளிக்கு ஊருக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தேன். அம்மா போனில் ஒன்றும் கேட்கவில்லை, முறுக்கு கொடுத்தனுப்ப ஆள் யாராவது வருகிறார்களா என்று மட்டும் கேட்டார். ஊருக்குப் போ என்கிறவர்களே, போய்விட்டுத் திரும்பி வர விடுவார்களா என்று தெரியாமல்தான் இங்கேயே கிடக்கிறோம்.

எனக்கு ஓட்டு இல்லை. உங்களில் பலருக்கு இருக்கிறது.  எந்தக் கட்சி ஆட்கள் ஓட்டுக் கேட்டுக் கதவைத் தட்டினாலும் சொத்து வரியைக் கேட்ட கையோடு சுரங்கத்தையும் கேளுங்கள். கோவில் விழாவுக்கு வந்து பொன்னாடை போர்த்திக்கொண்டு போகிற உள்ளூர் அரசியல்வாதிகளிடமும் கேளுங்கள். காங்கிரஸ் உறுப்பினருக்கு ஆங்கிலத்தில் கடிதம் தயாராக வைத்திருக்கிறேன். வேண்டுமென்றவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், அண்ணன் உட்பட.