பூஜ்ஜியம்தானே என்று சிரித்தவருக்கு

நேற்றைய நேரலையைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்களுக்கு: ஸ்பின் கிளாஸ் என்பது, ஸ்பின் எனும் குட்டிக் காந்தங்கள் ஒன்றோடொன்று முரண்படும் பிணைப்புகளால் ஒழுங்கில்லாமல் உறையும் பொருள்; டூ-டி என்றால் அது ஒரே தளத்தில் பரந்திருப்பது. அதைப் பற்றிய பேச்சு வந்ததும் நேரலையில் பேசியவர், "டூ-டி ஸ்பின் கிளாஸா? அதுக்குத்தான் நிலைமாற்ற வெப்பநிலையே பூஜ்ஜியமாச்சே, அதுல என்ன இருக்கு?" என்று சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கூடவே நாலு பேர் சிரித்தார்கள். 2021இல் இயற்பியலாளர் பரீசிக்கு நோபல் கிடைத்த வாரம் ஸ்பின் கிளாஸ் என்று உருகி உருகி எழுதியவரும் இவர்தான்.

சரி, ஸ்பின்கள் உறையும் அந்த நிலைமாற்ற வெப்பநிலை பூஜ்ஜியம்தான், அதாவது தனிச்சுழி. எட்வர்ட்ஸும் ஆண்டர்சனும் 1975இல் தந்த ஸ்பின் கிளாஸ் மாதிரியை, ஐசிங் ஸ்பின்களோடு (மேல், கீழ் என்று இரண்டே திசை பார்ப்பவை) ஒரு தளத்தில் பரப்பினால், பூஜ்ஜியத்துக்கு மேல் எந்த வெப்பநிலையிலும் அது உறைவதில்லை. உறையவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்றா அர்த்தம்? பிணைப்புகளின் வலிமை காஸியன் (மணி வடிவ) பரவலில் இருந்தால், பூஜ்ஜியத்தை நெருங்கிய குளிரில் வெப்பநிலையைப் பாதியாக்கும்போது தொடர்பு நீளம், அதாவது ஒரு ஸ்பின்னின் பாதிப்பு எட்டும் தூரம், பத்து மடங்குக்கும் மேலாகிறது. சமநிலைக்கு வர எடுக்கும் தளர்வு நேரம் அதையும் மிஞ்சி ஏறுகிறது. ஒன்றுமே இல்லாத இடத்திலா இத்தனையும்?

ஆய்வு மாணவனாக இருந்தபோது இந்த 'ஒன்றுமில்லாதது' என்னை ஏழு வாரம் முட்டாளாக்கியது. 64க்கு 64 ஸ்பின்கள் கொண்ட சதுரம், விடுதி அறையில் இரவெல்லாம் உறுமும் கணினி. வரைபடத்தில் அழகாக ஒரு முகடு. நிலைமாற்றத்தைப் பிடித்துவிட்டேன் என்று காலை எட்டு மணிக்கே வழிகாட்டியின் கதவைத் தட்டினேன். தாளைக் கையில்கூட வாங்காமல், "பத்து மடங்கு நேரம் ஓட்டிட்டு வா" என்றார். ஓட்டினேன், முகடு குளிர்ந்த பக்கம் நகர்ந்தது. இன்னும் ஓட்டினேன், இன்னும் நகர்ந்தது. சமநிலைக்கே வராத ஒன்றைப் பார்த்துத்தான் அத்தனை குதி குதித்திருக்கிறேன்.

"நிஜ உலகம் முப்பரிமாணம்தானே" என்பீர்கள். ருபிடியம் செம்பு கோபால்ட் ஃபுளூரைடு என்று அடுக்கடுக்கான படிகம் ஒன்று உண்டு; அதில் ஒவ்வொரு அடுக்கும் கிட்டத்தட்ட ஒரு தனித் தளம்போலத்தான் நடந்துகொள்ளும். 1988இலேயே அளந்து பார்த்துவிட்டார்கள். "தளத்தில் கணக்கு சுலபம்" என்பீர்கள். ஆமாம், ஓரங்களை மடித்து ஒட்டாத தளத்தில் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையைத் துல்லியமாகவே கண்டுபிடிக்கலாம், முப்பரிமாணத்தில் அது மகா கடினம். சுலபம் என்பது எப்போதிலிருந்து குற்றமானது?

"இதனால என்ன பயன்" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஒரு வேலை நேர்காணலில் இதையே கேட்டார்கள். முனைவர் பட்டத்துக்கு ஐந்து வருடம் செய்ததைச் சொல்ல வாயெடுத்தேன். "அதான் பூஜ்ஜியமாச்சே" என்றார் ஒருவர். இதே சிரிப்பு. அப்புறம் டீ வந்தது, எனக்கும் ஒரு கப் வைத்தார்கள்.