சத்தியம் வாங்குவதற்கு முன்னால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்

"இன்னையிலிருந்து ஒரு சொட்டுகூடத் தொடமாட்டேன்னு புள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணு." இதைக் கேட்காத தெரு நம் ஊரில் இருக்காது. கேட்கிற மனைவியின் வேதனை உண்மை, சத்தியம் செய்கிறவரும் அந்த நிமிஷம் மனசாரத்தான் செய்கிறார். ஆனால் வருஷக்கணக்காகத் தினமும் குடித்து, காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் டீ கிளாஸைச் சிந்தாமல் பிடிக்க முடியும் என்ற நிலைக்கு வந்துவிட்டவர், வீட்டில் படுத்துக்கொண்டு திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம். இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் எலும்பு முறிவு வார்டில் செவிலியர். தினமும் குடிக்கிற ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து கால் உடைந்து வந்தால், முதல் நாள் சாதுவாக இருப்பார். மறுநாள் வியர்வை, நடுக்கம், பொட்டுத் தூக்கம் இருக்காது. மூன்றாம் நாள் ராத்திரி போய்ப் பார்த்தால் டிரிப்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, போர்வையிலிருந்து பூச்சியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கீழே போட்டுக்கொண்டிருப்பார். அங்கே ஒரு பூச்சியும் இருக்காது. பக்கத்தில் அவர் அம்மா நெற்றியில் திருநீறு பூசி, காத்து கருப்பு அண்டிருச்சு என்று அழுதுகொண்டிருப்பார்.

நடப்பது இதுதான். மது மூளையை மந்தப்படுத்துகிறது, அதைச் சமாளிக்க மூளை நாள்பட நாள்பட எப்போதும் முடுக்கத்திலேயே இருக்கப் பழகிவிடுகிறது. குடி சட்டென்று நின்றால் முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது, அதுதான் நடுக்கமாக, வலிப்பாக, இல்லாததைப் பார்ப்பதாக வெளியே வருகிறது. வலிப்பு பெரும்பாலும் முதல் 2 நாளுக்குள் வரும், புத்தி தடுமாறுவது அதற்குக் கொஞ்சம் பிந்தி. லோராசெபம் மாதிரி மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, தயமின் என்கிற பி1 சத்தை ஊசியில் ஏற்றினால் பெரும்பாலானவர்கள் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். அந்த பி1-ஐக் கவனிக்காமல் விட்டால் ஞாபகசக்தியே நிரந்தரமாகப் போய்விடுகிற ஆபத்து உண்டு.

2020 ஊரடங்கில் கேரளத்தில் மது கிடைக்காமல் சிலர் தற்கொலை செய்துகொண்டபோது, டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசு உத்தரவு போட்டது. டாக்டர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. டாக்டர்கள் சொன்னதுதான் சரி என்பேன், இதற்கு மருந்து இருக்கிறதே.

சரி, ஒரு வாரத்தில் உடம்பு தேறிவிட்டது. அப்புறமும் ஏன் திரும்பக் குடிக்கப் போகிறார்? எனக்குத் தெரிந்து 41 நாள் மாலை போட்டு, ஒரு சொட்டு தொடாமல் சபரிமலை போய் வந்து, மாலையைக் கழற்றிய அன்றைக்கே டாஸ்மாக் வாசலில் நின்றவர்கள் உண்டு. அத்தனை நாளில் நடுக்கமெல்லாம் எப்போதோ போயிருக்கும். ஆனால் சம்பள நாள் வருகிறது, சாவு வீடு வருகிறது, முதலாளி நாலு பேர் முன்னால் அசிங்கமாகப் பேசுகிறார், பழைய சேக்காளி "ஒண்ணே ஒண்ணுடா" என்கிறான். இதையெல்லாம் குடிக்காமல் எப்படிக் கடப்பது என்று அவருக்குத் தெரியவே தெரியாது, 20 வயதிலிருந்து ஒரே வழியில்தான் கடந்திருக்கிறார். சாயங்காலம் 7 மணிக்கு மேல் என்ன செய்வது என்றுகூடப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு மாசக்கணக்கில் கவுன்சலிங் வேண்டும், இடையில் வழுக்கி விழுந்தால் திரும்பக் கூட்டிப் போக ஆள் வேண்டும். நம் வீடுகளிலோ "அவ்வளவு செலவு பண்ணியும் திரும்பக் குடிச்சிட்டான், இவன் தேற மாட்டான்" என்று கைகழுவிவிடுகிறோம். சர்க்கரை ஏறிவிட்டது என்று யாரையாவது அப்படிக் கைகழுவுவோமா?

இன்னொன்று, இது எனக்கு ரொம்பக் கோபம் வருகிற விஷயம். "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் செய்து குடியை நிறுத்த மருந்து விற்கிறார்களே, தயவுசெய்து வாங்காதீர்கள். டைசல்பிராம் என்று ஒரு மருந்து இருக்கிறது, அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும், சிலருக்கு உயிருக்கே ஆபத்து. குடிக்கிறவர் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும். சாம்பாரில் என்ன கலந்தது என்று தெரியாமல் அவர் கடைக்குப் போனால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446-க்குக் கூப்பிடலாம், போதை மறுவாழ்வுக்கான இலவச எண். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையில் குடிக்கிறவருக்கு மட்டுமில்லாமல் குடும்பத்தினருக்கும் தனியாகச் சிகிச்சை உண்டு, ஏனென்றால் கூடவே வாழ்ந்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மனசு நொறுங்கித்தான் கிடக்கிறது. அதற்குப் போக உங்கள் கடையிலோ கம்பெனியிலோ வேலை செய்கிற ஒரு அக்கா தயங்கித் தயங்கி லீவு கேட்டால், காரணம் கேட்டுக் குடையாமல், சம்பளம் பிடிக்காமல் கொடுத்துவிடுங்கள்.