வெயில் பட்ட உடல் செல் டிஎன்ஏவை நகலெடுக்காதா? உண்மை விளக்கம்

குளச்சல், முட்டம் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "கருவாடு காயப்போடுகிறவர்களே கவனம்! வெயிலில் டிஎன்ஏ சேதமாகும். சேதமானதைச் செல்லால் நகலெடுக்கவே முடியாது. ஒரு நாள் வெயிலே புற்றுநோய்."

சேதமாகும் என்பது மட்டும் சரி. புற ஊதாக் கதிர் பட்டால், டிஎன்ஏ இழையில் பக்கத்துப் பக்கத்து தைமின்கள் (டிஎன்ஏவின் நான்கு 'எழுத்து'களில் ஒன்று) இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் செல்லே அந்தத் துண்டை வெட்டியெடுத்துச் சரிசெய்துவிடும். இதை விளக்கிய அசீஸ் சன்ஜார் 2015 வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்; நோபல் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

மிச்சமிருக்கும் ஒட்டலில் வழக்கமான நகலெடுப்பு நொதி திணறி நின்றுவிடும். அப்போது பாலிமரேஸ் ஈட்டா என்ற நொதி வந்து, எதிரே தைமினுக்குச் சரியான ஜோடி எழுத்தான அடினின்கள் இரண்டை வைத்துவிட்டு விலகிக்கொள்ளும். சேதம் அப்படியே இருக்கும், நகல் தொடரும். நல்ல இழையில் விட்டால் இதே நொதி ஏகப்பட்ட பிழை செய்யும் என்பதுதான் வேடிக்கை! பிறவியிலேயே இது வேலை செய்யாதவர்களுக்குத் தோல் புற்றுநோய் எளிதில் வருகிறது.

அதற்காக வெயில் பாதிக்காது என்றில்லை. வருடக்கணக்கில் சேரும் வெயில்தான் ஆபத்து. முழுக்கைச் சட்டையும் தலைக்குத் துண்டும் போதுமான தொடக்கம். ஆறாத புண், உருமாறும் மச்சம் இருந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள். அந்தச் செய்தியை மட்டும் மேற்கொண்டு அனுப்ப வேண்டாம்.