மீன் காட்டும் பந்து

தூண்டில் நரம்பில் கட்டி வீசுகிற சோனார் பந்தைச் சோதித்துச் சொல்கிறேன் என்று தலையாட்டியதிலிருந்து நான் மீன் பிடிக்கவே இல்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பந்து தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைஃபை வழியாகப் போனுக்குத் தரும், போனில் உள்ள ஆப் அதைப் படமாக்கும். தண்ணீரைத் தொட்டதும் அது தானே உயிர் பெறுகிறது, சரி. ஆனால் சின்ன அலை மேலே ஏறினாலே வைஃபை அறுந்துவிடும். ஒலிதான் தண்ணீருக்குள் போகும், வைஃபையைத் தண்ணீர் விழுங்கிவிடும். அப்புறம் ஆப் மறுபடி 'தேடுகிறது... தேடுகிறது...'

திரையில் வரும் மீன் படம் இருக்கிறதே, அதுதான் பெரிய வயிற்றெரிச்சல். பாசி, குமிழி, மூழ்கிக் கிடக்கும் கிளை, எது எதிரொலித்தாலும் அழகாக ஒரு மீன் பொம்மையைப் போட்டுவிடும். பந்தும் அசையாமல், அடியில் ஒற்றை மீனும் சும்மா நின்றால் திரைப்படம் நகர்ந்துகொண்டே இருப்பதால் அது நீளக் கோடாக இழுபடும். ஒலி 20 டிகிரிக் கூம்பாக விரிந்து இறங்குகிறது என்றால் 3 மீட்டர் ஆழத்தில் தெரிவது சுமார் 1 மீட்டர் அகல வட்டம்தான். பக்கத்தில் கூட்டமே போனாலும் அதற்குத் தெரியாது. ஆழத்தை மட்டும் ஒழுங்காகச் சொல்கிறது, அதை மறுக்க மாட்டேன்.

வெயிலில் திரையும் தெரிந்து தொலைக்காது. ஒரு கையில் தூண்டில், ஒரு கையில் போன். கடித்தால் எந்தக் கையால் ரீலைச் சுற்றுவதாம்?