ஸ்ரீபெரும்புதூர் பத்தி ஒரு சின்ன திருத்தம்
"ஸ்ரீபெரும்புதூர் எம்பி சீட் எப்பவுமே திமுக கோட்டை, வேற யாரும் ஜெயிச்சதே இல்ல"ன்னு 67ல இருந்து கணக்கு காட்டி மேல உங்க பதிவுல போட்ருக்கீங்க ப்ரோ, அது தப்பு. 1984, 89, 91 மூணு தடவையும் ஜெயிச்சது காங்கிரஸ்தான், மரகதம் சந்திரசேகர். ராஜீவ் காந்தி 91 மே 21ல அங்க வந்ததே அந்தம்மாவுக்கு ஓட்டு கேக்கத்தான் (அவரே அங்க நின்னாருன்னு இன்னொருத்தர் எழுதிருக்காரு, அய்யோ, அவரு தொகுதி அமேதிங்க). 98லயும் 2014லயும் அதிமுக எடுத்துச்சு.

இன்னொன்னு, பேரு ஒண்ணுதான், ஆனா தொகுதி அதே தொகுதி இல்ல. 2009க்கு முன்னாடி அது தனித் தொகுதி (பட்டியல் சாதிக்கு ஒதுக்கினது), தொகுதி எல்லைய மாத்தி வரைஞ்ச மறுசீரமைப்புல பொதுவாகி அம்பத்தூர், மதுரவாயல், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம்னு சென்னை புறநகர் பகுதிங்க உள்ள வந்துருச்சு, பழைய ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதி ஆறுல ஒண்ணு அவ்ளோதான், அப்புறம் எப்படி 67ல இருந்து ஒரே கோடா இழுக்குறீங்க? திமுகவோட டி.ஆர்.பாலு 2009, 2019, 2024 ஜெயிச்சாரு, அதுல டவுட் இல்ல. ஆனா 2009ல ஓட்டு வித்தியாசம் 25 ஆயிரம் சொச்சம்தான், 2019லதான் 5 லட்சத்த தாண்டுச்சு. கோட்டைன்னு சொல்றதுனா 2019க்கு அப்புறம்னு சொல்லுங்க, ஒத்துக்குறேன்.