எனக்காகத்தான் எடுத்தன் அண்ணன்

இருட்டில் நான் முதலில் கண்டது அவனுடைய நாடிக்குக் கீழே விழுந்த நீல வெளிச்சத்தைத்தான்.

மட்டக்களப்பு நகரில் ஒரு தியேட்டரை ஒரு சனிக்கிழமைக்கு வாடகைக்கு எடுத்து, நாங்கள் ஏழு பேர் சேர்ந்து செய்த படத்தைத் திரையிட்ட நாள் அது. வாவியை நம்பி வாழும் ஒரு குடும்பத்தின் கதை. ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் ஓடும். நான் படத்தொகுப்பாளர். சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஓரச் சுவரோடு நின்றேன். பக்கத்து வரிசையில் பதினெட்டு, பத்தொன்பது வயது மதிக்கத்தக்க ஒரு பொடியன். சேர்ட் பொக்கற்றுக்குள் போன், கமெரா மட்டும் விளிம்புக்கு மேலே தெரிந்தது. திரை வெளிச்சத்தைக் குறைத்துத்தான் வைத்திருந்தான். ஆனாலும் மெல்லிய துணிக்குள்ளால் கசிந்த வெளிச்சம் நாடியில் படிந்திருந்தது. நிமிர்ந்து, அசையாமல் இருந்தான். படம் பார்க்கிறவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள். அவன் தன் உடம்பைக் கமெராத் தாங்கியாக வைத்திருந்தான்.

நான் கண்டபோது படம் முடிய இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. சத்தம் போட்டால் எல்லோருக்கும் படம் கெட்டுவிடும். லைட் போட்ட பிறகு வெளியே கூட்டிவந்து கேட்டேன். அவன் பொய் சொல்லவில்லை. "எனக்காகத்தான் எடுத்தன் அண்ணன். மாமா கட்டார்ல நிக்கார், அவருக்கும் காட்டத்தான். விக்கிறதுக்கு இல்ல" என்றான். கண் கலங்கியிருந்தது. என் முன்னாலேயே வீடியோவை அழித்தான். சரி போ என்று விட்டுவிட்டேன். அழித்த வீடியோ போனின் குப்பைத்தொட்டியில் ஒரு மாதமளவு கிடக்கும், வேண்டுமென்றால் திரும்ப எடுக்கலாம் என்பது அந்த நேரம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் லண்டனில் இருக்கும் என் பள்ளித் தோழன் வட்ஸ்அப்பில் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். "மச்சான் உங்கட படம் வந்திருக்கு, நல்லாச் செஞ்சிருக்கீங்க." மனதாரப் பாராட்டித்தான் அனுப்பியிருந்தான். திறந்து பார்த்தேன். படத்தில் ஒரு இடம் இருக்கிறது: தகப்பன் இறந்த பிறகு மகள் முதல் தடவையாகத் தனியே தோணியைத் தள்ளுகிறாள். இசை இல்லை, வசனம் இல்லை, சவள் தண்ணீரில் இறங்கி ஏறும் சத்தம் மட்டும்தான். அந்த ஒன்றரை நிமிடத்துக்கு நான் பதினொரு நாள் இருந்திருக்கிறேன். அந்தக் கொப்பியில் சவள் சத்தம் இல்லை. கச்சான் பை சரசரக்கிறது, பின்னால் ஒரு பிள்ளை இருமுகிறது, மூலையில் யாரோ ஒருவரின் தலை. வாவி சாம்பல் நிறத்தில் ஆடுகிறது.

அந்த வாரமே கல்முனையில் நாங்கள் பேசி வைத்திருந்த மண்டபக்காரர் கூப்பிட்டார். "தம்பி, படம் எல்லார்ட போன்லயும் கிடக்கு. மறுகா யாரு டிக்கட் எடுத்து வரப்போறாங்க?" அக்கரைப்பற்றிலும் அதே கதைதான். இரண்டு திரையிடலும் போயிற்று.

முறைப்பாடு கொடுக்கலாம் என்று ஒரு பொலிஸ் நிலையத்துக்கும் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். எத்தனை ரூபாவுக்கு விற்றார்கள் என்றார். விற்கவில்லை, சும்மா அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். அப்படியென்றால் எதை எழுதுவது என்று பேனையை மூடி வைத்தார்.

வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடி வாசிக்கத் தொடங்கியது அன்றுதான். எங்கள் நாட்டில் இருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். பதிப்புரிமையை வேண்டுமென்றே மீறினால் நீதவான் நீதிமன்றத்தில் 5 இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரண்டாம் தடவை என்றால் இரட்டிப்பு. தண்டனை குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். குறை வேறு இடத்தில் இருக்கிறது. தியேட்டருக்குள் படத்தைப் பதிவுசெய்வது என்ற செயலையே குற்றமாகப் பெயர் சொல்லி எழுதிய பிரிவு அதில் இல்லை. அதே சட்டம், வெளியான ஒரு படைப்பைச் சட்டபூர்வமான பிரதியிலிருந்து தன் சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுக்கவும் இடம் விடுகிறது. தியேட்டர்த் திரை அதற்குள் அடங்காது என்று ஒரு சட்டத்தரணி வாதாடலாம். ஆனால் ஏழு பேர் நகையை அடகு வைத்து எடுத்த படத்துக்கு அந்த வாதத்தை நடத்தக் காசு எங்கே? "எனக்காகத்தான் எடுத்தன்" என்ற ஒரு வரி போதும், எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

ஜப்பான்காரர் இந்த ஓட்டையை 2007இல் அடைத்தார்கள். சொந்தப் பாவனைக்கான விலக்கு தியேட்டரில் எடுக்கும் பதிவுக்குப் பொருந்தாது என்று தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள், படம் அங்கே முதலில் திரையிடப்பட்டு 8 மாதம் ஆகும்வரை. அமெரிக்காவில் 2005இல் வந்த சட்டத்தில் முதல் குற்றத்துக்கு 3 வருடம் வரை சிறை. விற்கத்தான் எடுத்தான் என்று நிரூபிக்கத் தேவையில்லை. அதிலேயே இன்னொன்றும் எழுதியிருக்கிறார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது: பதிவு செய்யும் கருவி கையில் இருந்தது என்பது மட்டுமே குற்றத்தை நிரூபிக்கப் போதாது. எல்லோர் பொக்கற்றிலும் போன் இருக்கிற காலத்தில் இந்த வரி இல்லாமல் ஒரு சட்டம் வரவே கூடாது.

இந்தியா 2023இல் தன் 1952ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தியது. தியேட்டரில் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் குறைந்தது 3 மாதம், கூடியது 3 வருடம் சிறை. தண்டம் குறைந்தது 3 இலட்சம் இந்திய ரூபா, படத்தின் கணக்காய்வு செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 வீதம் வரை கூடலாம். இதைப் பார்த்து எங்கள் சினிமா நண்பர்கள் பலர் இங்கேயும் அப்படியே கொண்டுவர வேண்டும் என்கிறார்கள். நான் உடன்படவில்லை. 50 கோடிப் படத்துக்கு அந்த 5 வீதம் இரண்டரைக் கோடி. 30 இலட்சத்துப் படத்துக்கு ஒன்றரை இலட்சம், குறைந்தபட்சத் தண்டத்தைக்கூட எட்டாது. பெரிய படத்தைத் திருடினால் பெரிய குற்றம், சின்னப் படத்தைத் திருடினால் சின்னக் குற்றம் என்று ஆகிவிடுகிறது. நடப்பது நேர்மாறு. பெரிய நடிகரின் படத்துக்கு ஓடிடி இருக்கிறது, தொலைக்காட்சி உரிமை இருக்கிறது, பாட்டு உரிமை இருக்கிறது. எங்களுக்கு இருந்தது டிக்கட் மட்டும்தான்.

அந்தக் குறைந்தபட்ச 3 மாதமும் எனக்கு உறுத்துகிறது. அந்தப் பொடியன் நீதவான் முன் நின்றிருந்தால், இரக்கம் காட்ட அவருக்கு இடமே இருந்திருக்காது. தமிழ்நாட்டில் 2004இலேயே வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். விசாரணை இல்லாமல் ஒரு வருடம் வரை தடுத்து வைக்கலாம். விசாரணை இல்லாத தடுப்புக்காவல் என்றால் என்னவென்று கிழக்கில் இருக்கிற எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. என் படத்துக்காக ஒரு தாய் அந்த வாசலில் நிற்பதை நான் விரும்பவில்லை.

"யுத்த காலத்தில் நீங்களும் கொப்பிதானே பார்த்தீங்கள்" என்று கேட்பார்கள். ஓம், பார்த்தோம். முற்றத்தில் ஜெனரேட்டர், வாடகை டெக், பாயில் முப்பது பேர். அன்று தியேட்டருக்குப் போய்வர வழியில்லை. அதைக் குற்றம் என்று இன்றும் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அன்று திருட்டுப்போன படம் எங்களுடையதாக இருக்கவில்லை என்பதையும் நினைக்க வேண்டும். எங்கள் மண்ணில் படம் எடுக்க இப்போதுதான் பிள்ளைகள் வருகிறார்கள்.

நான் கேட்பது இதுதான். பதிவு செய்வதே குற்றம், நோக்கம் எதுவாக இருந்தாலும். முதல் தடவை பிடிபடும் பொடியனுக்குச் சிறை வேண்டாம். தண்டமும், பதிவை முழுதாக அழிக்கும் கட்டளையும் போதும். அவனிடமிருந்து வாங்கி டெலிகிராமில் ஏற்றி விளம்பரக் காசு எடுக்கிறவனுக்குத்தான் சிறை. அவனைப் பிடிப்பதும் முடியாத காரியம் இல்லை. டிஜிட்டல் தியேட்டர்களில் ஓடும் படத்துக்குள், எந்தக் கருவியில், எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு ஓடியது என்று கண்ணுக்குத் தெரியாத அடையாளம் பதியப்படுகிறது. கொப்பியைச் சோதித்தால் எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி என்று தெரியும். எங்கள் படம் ஒரு மடிக்கணினியிலிருந்துதான் ஓடியது. அதில் அப்படி எதுவும் இல்லை. சின்னப் படங்களுக்கும் அந்த வசதி மலிவாகக் கிடைக்க யாராவது வழி செய்ய வேண்டும்.

இன்னொன்று. அந்தக் கட்டார் மாமா பிறகு என் இலக்கத்தைத் தேடி எடுத்துப் பேசினார். "தம்பி, காசு தந்து பாக்க ஒரு வழி வச்சிருந்தீங்களா?" வைத்திருக்கவில்லை. அடுத்த படத்துக்கு, இங்கே திரையிடும் அதே நாளில் வெளிநாட்டில் இருப்பவர்கள் காசு கட்டிப் பார்க்க இணைப்பு இருக்கும்.

நாங்கள் ஏழு பேரும் சட்டத் திருத்தத்துக்கு ஒரு வரைவு எழுதத் தொடங்கியிருக்கிறோம். சட்டத்தரணி நண்பர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். முதலாவது வரி எழுதியாயிற்று: உரிமையாளரின் அனுமதியின்றித் தியேட்டருக்குள் திரைப்படத்தைப் பதிவுசெய்தல், எந்த நோக்கத்துக்காயினும், குற்றமாகும். இரண்டாவது வரியில் தண்டனை வர வேண்டும். எங்கள் ஒளிப்பதிவாளர் சிறை வேண்டும் என்கிறார். அவருடைய மனைவியின் தாலிக்கொடி இன்னும் அடகில் இருக்கிறது. அவரோடு நேற்று இரவும் ஒரு மணிவரை வாதாடினேன்.