பொம்மையைப் பகிராத குழந்தை சுயநலக்காரரா?

"இரண்டு வயதிலேயே பொம்மையைப் பகிரவில்லை என்றால் சுயநலம் வேர்விட்டுவிட்டது, பிடுங்கிக் கொடுத்துப் பழக்குங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று குழந்தை கண்டுகொள்வது பெரும்பாலும் 18 முதல் 24 மாதத்துக்குள். "என்னுது" என்ற பிடிவாதமும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் தொடங்கும். 'நான்' என்ற உணர்வு உருவாவதன் அடையாளம் அது. இரண்டு வயதையொட்டிய குழந்தைகள் அருகருகே உட்கார்ந்து தனித்தனியே விளையாடுவதை குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே பதிவுசெய்திருக்கிறார். கேட்காமலே பகிரும் குணம் பெரும்பாலும் மூன்று வயதுக்குப் பிறகே மெல்ல வலுப்படும்.

பிடுங்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? பலமுள்ளவர் பிடுங்கலாம் என்பதைத்தான் குழந்தை கற்கும். அடுத்த முறை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

மாறாக, விருந்தினர் வருமுன் குழந்தைக்கு மிகப் பிடித்த ஒன்றிரண்டு பொம்மைகளை எடுத்து வைத்துவிடுங்கள். மற்றவற்றுக்கு முறை வைக்கலாம்: ஒரு நிமிட மணல் கடிகாரம் போதும், ஐந்து நிமிடம் இந்த வயதுக்கு நீண்ட காலம். "மணல் தீர்ந்ததும் அவளுக்கு, அப்புறம் மறுபடி உனக்கு" என்று சொல்லுங்கள். சொன்னபடி திருப்பியும் கொடுங்கள். பெரியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். அழுதால் "கொடுக்க மனசில்லை, கோபமா இருக்கு, இல்லையா?" என்று அந்த உணர்வுக்குப் பெயர் சொல்லுங்கள்.

கவலைப்பட வேண்டியவை வேறு: 12 மாதத்திலும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, 18 மாதத்திலும் விரல் நீட்டி எதையும் காட்டாதது, பேசிய சொற்களை இழப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.